விவாத ஒத்திகையும் அதிபர் நாற்காலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 செப்டம்பர் 10 இரவு பிலடெல்ஃபியாவில் நடந்த கமலா ஹாரிஸ் – டொனால்ட் டிரம்ப் விவாதம், நம் நேரப்படி மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவுக்குச் சொந்த ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால், அந்தத் தேர்தலை நம் மக்கள் வழக்கத்தைவிடக் கூர்ந்து பார்த்தார்கள். ஆனால் பட்டிமன்றம் பார்க்கிற கண்ணோடுதான் பார்த்தோம். யார் மடக்கினார், யார் திணறினார், யாருடைய பேச்சு எடுபட்டது? பட்டிமன்றத்திலாவது கடைசியில் நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்வார். அங்கே நெறியாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த வேலையைக் கருத்துக்கணிப்புகள் எடுத்துக்கொள்கின்றன. ஹாரிஸ்தான் வென்றார் என்று சிஎன்என் கணிப்பில் 63 சதவீதம் பேர் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் 312க்கு 226 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் டிரம்ப் தேர்தலில் வென்றார்.

ஹாரிஸ் ஏன் தோற்றார் என்பது இந்தக் கடிதத்தின் பொருள் இல்லை. விவாதத்துக்கு முன்பு பிட்ஸ்பர்க் நகர ஓட்டல் ஒன்றில் சில நாட்கள் தங்கி ஹாரிஸ் ஒத்திகை பார்த்தார். மேடை அமைத்து, விளக்குகள் பொருத்தி, டிரம்பைப் போலவே கோட்டும் நீண்ட டையும் அணிந்த ஃபிலிப் ரைன்ஸ் என்பவரை எதிரில் நிறுத்திப் பழகினார். இந்தச் செய்தியைப் படித்தவர்களில் பலர், இவ்வளவு பாடுபட்டுத் தயாராகிறவர் ஆட்சிக்கும் தயாராகத்தான் இருப்பார் என்று எண்ணினார்கள். அதே ரைன்ஸ்தான் 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கும் டிரம்ப் வேடம் கட்டியவர். அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக மேடையில், தயாரிப்பைக் குத்திக்காட்டிய டிரம்புக்குக் கிளிண்டன் பதில் சொன்னார்: ஆமாம், இந்த விவாதத்துக்குத் தயாரானேன், அதிபராக இருப்பதற்கும் தயாரானேன். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா?

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை அறை, ஆட்சித் திறனில் ஒரு துண்டைக் காட்டும். மேடை அதைவிடச் சிறிய துண்டைக் காட்டும். மிச்சமெல்லாம் வேறோர் அறையில் இருக்கிறது; அந்தப் பக்கம் செய்தியாளர்கள் அதிகம் போவதில்லை.

ஒத்திகை என்றால் என்ன வேலை என்பதை முதலில் பார்க்க வேண்டும். விதிகளில் இருந்து அது தொடங்குகிறது. 2004இல் புஷ், கெர்ரி தரப்புகள் கையெழுத்திட்ட விவாத ஒப்பந்தம் 32 பக்கம். 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தின் விதிகள் இவை: மொத்தம் 90 நிமிடம், நடுவில் இரண்டு விளம்பர இடைவேளை, ஒரு கேள்விக்கு 2 நிமிடப் பதில், மறுப்புக்கு 1 நிமிடம், தன் முறை இல்லாதபோது மைக் அணைந்திருக்கும், அரங்கில் பார்வையாளர் கிடையாது, எழுதிவைத்த குறிப்பு எதையும் கொண்டுவரக் கூடாது, கொடுப்பது ஒரு பேனா, ஒரு வெற்றுத்தாள் அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு விதியும் ஒத்திகையை மாற்றும். பார்வையாளர் இல்லை என்றால் சிரிப்புக்காக நிறுத்திப் பேசும் வழக்கத்தை விட வேண்டும். மைக் அணையும் என்றால், எதிராளி பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் பழக வேண்டும், ஏனென்றால் திரையில் இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

2 நிமிடம் என்பது நிதானமான ஆங்கிலப் பேச்சில் ஏறக்குறைய 280 சொல். அதற்குள் கேட்ட கேள்விக்குப் பதில், எதிராளியிடமிருந்து தன் நிலை வேறுபடும் இடம், தான் செய்யப் போவது என்ற மூன்றையும் அடக்க வேண்டும். குழுவினர் முதலில் துறைவாரியாகத் தடித்த குறிப்பேடு தயாரிப்பார்கள்: வரி, மருத்துவக் காப்பீடு, குடியேற்றம், வெளியுறவு, வேட்பாளரின் பழைய வாக்கெடுப்புகள், பழைய பேச்சில் இருக்கும் முரண்கள். அடுத்தது அதைச் சுருக்கும் வேலை. எழுதுவதைவிடக் கடினமானது சுருக்குவதுதான். நூற்றுக்கணக்கான பக்கம் கடைசியில் சில அட்டைகளாக வற்ற வேண்டும். வற்றாமல் அப்படியே மண்டைக்குள் ஏற்றினால், மேடையில் வேட்பாளர் எண்களைத் தேடிக்கொண்டு நிற்பார்.

பிறகு முழு ஒத்திகை. உண்மையான விவாதம் இரவு ஒன்பதுக்கு என்றால் ஒத்திகையும் இரவு ஒன்பதுக்கு, இடைவிடாமல் 90 நிமிடம், அதே உயரப் பேச்சுமேடை, அதே வெளிச்சம். மறுநாள் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் பதில் நீண்டது, எங்கே எரிச்சல் முகத்தில் வந்தது என்று வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பலரைத் தயார்செய்த ரான் கிளெய்ன் தன் குழுவினருக்குச் சொல்லிவந்த முதல் விதி இது: விவாதத்தில் எந்த நிமிடத்திலும் தோற்கலாம், ஆனால் வெல்வதென்றால் முதல் அரைமணிக்குள்தான். அதனால்தான் முதல் மூன்று நான்கு பதில்களையே திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

எதிராளி வேடம் கட்டுகிறவர்தான் இதில் முக்கியமான ஆள். 1980இல் ரீகனுக்காக, வர்ஜீனியாவில் அவர் தங்கியிருந்த வெக்ஸ்ஃபோர்டு பண்ணை வீட்டின் கார் கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றினார்கள். அங்கே டேவிட் ஸ்டாக்மன் என்ற, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இளம் உறுப்பினர் முதலில் சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சனாகவும் பிறகு அதிபர் கார்ட்டராகவும் நின்று ரீகனைத் துவைத்தெடுத்தார். ரீகன் அதற்காக அவரை ஒதுக்கிவைக்கவில்லை. பதவியேற்றதும் வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தின் இயக்குநராக்கினார். தன்னைப் பலர் முன்னிலையில் திணறடித்தவரின் கையில் நாட்டின் கணக்கைக் கொடுக்கிற மனம், ஆட்சியைப் பற்றி எனக்குச் சொல்லும் செய்தி மேடைப் பேச்சைவிடப் பெரிது. 2012இல் ஒபாமாவுக்கு ராம்னியாக நின்ற ஜான் கெர்ரி அடுத்த ஆண்டே வெளியுறவு அமைச்சர். 2008இல் பைடனுக்கு சாரா பேலினாக நின்ற ஜெனிஃபர் கிரான்ஹோம் 2021இல் பைடன் அரசில் எரிசக்தி அமைச்சர். கிளெய்ன் அதே அரசில் தலைமை அலுவலர். ஒத்திகை அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியல், வரப்போகும் அரசின் முதல் வரைபடம். அதை நம் செய்திகளில் ஒரு வரிகூடக் காண முடிவதில்லை.

இடித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, பதவியில் இருந்த அதிபர்களின் முதல் விவாதங்களே சான்று. ரீகன் 1984இல் லூயிவில்லில், இளைய புஷ் 2004இல் கோரல் கேபிள்ஸில், ஒபாமா 2012இல் டென்வரில், டிரம்ப் 2020இல் கிளீவ்லேண்டில், பைடன் 2024இல் அட்லாண்டாவில். ஐவரும் முதல் விவாதத்தில் சறுக்கினார்கள். இது தற்செயல் இல்லை. பதவி ஏறிய பிறகு அதிபரை யாரும் இடைமறிப்பதில்லை. அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கேள்வி கேட்கும் செய்தியாளருக்கு ஒரே ஒரு துணைக்கேள்விதான் கிடைக்கும். மூன்றரை ஆண்டு இப்படி இருந்தவர் திடீரென்று சரிசமமான மேடையில், முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுகிறவரோடு நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நேரமும் இல்லை, ஒத்திகையில் பொறுமையும் இல்லை. தினமும் செய்கிற வேலையைப் பற்றித்தானே கேட்கப்போகிறார்கள், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பும் சேர்கிறது.

ஒபாமா டென்வருக்கு முன் நெவாடாவின் ஹெண்டர்சனில் முகாமிட்டிருந்தார். வீட்டுப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், அலுப்பாக இருக்கிறது என்று தொண்டர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னதைச் செய்தியாளர்கள் பதிவுசெய்தார்கள். விவாதத்துக்கு முந்தைய நாள் ஒத்திகையை நிறுத்திவிட்டு ஹூவர் அணையைப் பார்க்கப் போனார். டென்வரில் ராம்னியே வென்றார் என்று சிஎன்என் கணிப்பில் 67 சதவீதம் பேர் சொன்னார்கள். ரீகனுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. குறிப்பேட்டுக்கு மேல் குறிப்பேடாகத் திணித்துவிட்டார்கள். ஸ்டாக்மன் எதிர்க்கட்சி வேட்பாளர் மாண்டேல் வேடத்தில் வறுத்தெடுத்தார். ஒத்திகை அவரை நசுக்கிவிட்டது என்று அவருடைய நண்பரான செனட்டர் பால் லக்சால்ட் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்.

ஒருவருக்குப் பயிற்சி போதவில்லை, மற்றவருக்கு மிஞ்சிப்போனது. விளைவு ஒன்றுதான். ஆனால் இரண்டு பேருமே அடுத்த விவாதத்தில் நிமிர்ந்தார்கள். எப்படி நிமிர்ந்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ரீகனின் குழு எண்களைக் குறைத்தது, அவரை அவர் பாணியில் பேசவிட்டது. 1984 அக்டோபர் 21 அன்று கன்சாஸ் சிட்டியில் வயதைப் பற்றிய கேள்வி வந்தபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலாக்க மாட்டேன் என்று அவர் சொன்ன பதிலுக்கு, 56 வயது மாண்டேலே சிரித்துவிட்டார். ஒபாமா வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் மறுபடியும் முகாமிட்டார். அங்கேயும் ஒத்திகை முதலில் சரியாக வரவில்லை. குழுவினர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபர் 16 அன்று வேறு ஆளாக வந்தார். பதவியில் இருக்கும் ஒருவர் தன் தவறைப் பதின்மூன்று நாளில் ஒப்புக்கொண்டு வேலைமுறையை மாற்றிக்கொள்கிறார் என்றால், அது ஆட்சிக்குத் தேவையான குணம். முதல் விவாதத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒத்திகை அறையின் இன்னொரு சோதனையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. எதிராளியின் குறிப்பேடு கைக்கு வந்தால் என்ன செய்வார்கள்? 1980இல் கார்ட்டர் தரப்பின் விவாதக் குறிப்புகள் ரீகன் முகாமுக்குள் போய்ச் சேர்ந்தன. விவகாரம் 1983இல்தான் வெடித்தது. வில்லியம் கேசியிடமிருந்துதான் வந்தது என்று ஜேம்ஸ் பேக்கர் சொன்னார், கேசி மறுத்தார். அப்போது ஒருவர் வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர், மற்றவர் உளவுத் துறைத் தலைவர். பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு ஒன்று மாதக்கணக்கில் விசாரித்தது. 2000 செப்டம்பரில் இதே போன்ற பொட்டலம் ஒன்று, புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோரின் ஒத்திகையில் புஷ் வேடத்துக்கு இருந்த முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் டாம் டவுனிக்குத் தபாலில் வந்தது. உள்ளே புஷ் ஒத்திகை பார்க்கும் ஒளிநாடாவும் நூற்றுக்கு மேற்பட்ட பக்கக் குறிப்புகளும். என்ன என்று தெரிந்ததுமே அவர் வழக்கறிஞர் வழியாக எஃப்பிஐயிடம் சேர்த்துவிட்டு, ஒத்திகையில் இருந்தே விலகிக்கொண்டார். வேட்பாளர் தன்னைச் சுற்றி எப்படிப்பட்ட ஆட்களை வைத்திருக்கிறார் என்பதை இந்த இரண்டு பொட்டலங்களும் காட்டியதுபோல் எந்த மேடையும் காட்டியதில்லை.

இனி, இந்தத் தயாரிப்பு எதைக் காட்டாது என்பதற்கு வருகிறேன்.

1960 செப்டம்பர் 26, சிகாகோ. கென்னடி உதவியாளர்களோடு உட்கார்ந்து அட்டை அட்டையாகக் கேள்விகளைப் புரட்டிப் பழகினார். நிக்சன் முழங்கால் காயத்துக்காக மருத்துவமனையில் கிடந்துவிட்டு, இழந்த நாட்களை ஈடுகட்ட ஊர் ஊராக ஓடி, ஒத்திகை இல்லாமல், மெலிந்த முகத்தோடு வந்து நின்றார். சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சனின் வியர்வையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். அதே தொடரின் நான்காவது விவாதம்தான் எனக்கு முக்கியம். அது அக்டோபர் 21 அன்று நடந்தது. அதற்கு முந்தைய நாள், காஸ்ட்ரோவை எதிர்க்கும் கியூப நாடுகடந்தோருக்கு அமெரிக்கா உதவ வேண்டும் என்று கென்னடியின் பெயரில் ஓர் அறிக்கை வெளியானது. அதை எழுதியவர் உதவியாளர் ரிச்சர்ட் குட்வின். கென்னடி உறங்கிக்கொண்டிருந்ததால் அவர் பார்க்காமலே அது வெளியே போனது என்று பிறகு பதிவாகியிருக்கிறது. நாடுகடந்தோருக்கு ரகசியமாகப் பயிற்சி நடப்பது துணை அதிபர் நிக்சனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மேடையில் அதை எதிர்த்துப் பேசினார், ரகசியத்தைக் காக்க. உண்மை அறிந்தவர் அதற்கு மாறாக வாதாடினார். தன் பெயரில் வந்த அறிக்கையைப் படித்துப் பார்க்காதவர் துணிச்சல்காரராகத் தெரிந்தார். கென்னடி பதவியேற்று மூன்று மாதம் நிறையும் முன்பே, 1961 ஏப்ரல் 17 அன்று, கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அந்த நாடுகடந்தோர் ஏறக்குறைய 1,400 பேர் தரையிறங்கி அழிந்தார்கள், பிடிபட்டார்கள்.

அந்த 1960 விவாதங்களில் சீனக் கரையோரம் தைவான் வசமிருந்த கீமோய், மாட்சு என்ற இரண்டு சிறு தீவுக்கூட்டங்களைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை. கென்னடியின் ஆட்சியில் அவை பெரிய பிரச்சினையாக வரவே இல்லை. வந்தவை கியூபாவும் பெர்லினும் வியட்நாமும். 2000 அக்டோபர் 11 அன்று வின்ஸ்டன்-சேலத்தில் இளைய புஷ், வேறு நாடுகளைக் கட்டியெழுப்பும் வேலைக்கு அமெரிக்கப் படைகளை அனுப்பக் கூடாது என்று தெளிவாக வாதாடினார். மூன்று ஆண்டுக்குள் ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 2016 விவாதங்களில் கொள்ளைநோய்க்கு எப்படித் தயாராவீர்கள் என்று கேட்டவர் இல்லை. வரப்போகும் கேள்வியை யூகித்துப் பதில் பழகுவது விவாதத் தயாரிப்பு. யாரும் யூகிக்காத கேள்விக்கு, அரைகுறைத் தகவலோடு, மாதக்கணக்கில் பதில் தேடுவது ஆட்சி. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி 13 நாள் ஓடியபோது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார், தான் இல்லாதபோது ஆலோசகர்கள் தயங்காமல் பேசட்டும் என்று. அந்தப் பக்குவத்தை அவருக்குக் கொடுத்தது சிகாகோ ஒத்திகை இல்லை, பன்றிகள் விரிகுடாவின் அடி.

இன்னொரு எடுத்துக்காட்டு மனதை வருத்துவது. 1992 அக்டோபர் 13 அன்று அட்லாண்டாவில் நடந்த துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோவின் துணைவராக நின்றவர் அட்மிரல் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். வடவியட்நாம் சிறையில் ஏழாண்டுக்கு மேல் சித்திரவதைப்பட்டு, சக கைதிகளைக் கட்டுக்கோப்பாக நடத்தி, நாட்டின் உயரிய வீர விருதைப் பெற்றவர். விவாதத்துக்குப் போக வேண்டும் என்பதே ஒரு வாரத்துக்கு முன்புதான் அவருக்குத் தெரிந்தது. ஒத்திகை என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. நான் யார், ஏன் இங்கே வந்திருக்கிறேன் என்று தத்துவக் கேள்வியோடு தொடங்கினார். அரங்கம் சிரித்தது. அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய பெயர் நாடு முழுக்கக் கேலிப்பொருளானது. நெருக்கடியில் மனிதர்களை வழிநடத்தியதற்கு அவரிடம் இருந்த சான்று அந்த மேடையில் நின்ற மற்ற இருவரிடமும் இல்லை. ஒத்திகை இல்லாததைத் தகுதி இல்லாததாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு அநியாயம் நேரும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

மேடை ஒன்றுமே காட்டாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு விஷயங்களை அது உண்மையாகவே காட்டும். ஒன்று, உடலும் கவனமும். 2024 ஜூனில் பைடன் கேம்ப் டேவிட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கிப் பழகினார். வழக்கறிஞர் பாப் பாயர் டிரம்பாக நின்றார், கிளெய்ன் நடத்தினார். ஆட்களிலும் அனுபவத்திலும் குறையில்லை. ஆனாலும் அட்லாண்டாவில், கையில் தாள் இல்லாத 90 நிமிடத்தில், தொடங்கிய வாக்கியத்தை முடிக்க முடியாமல் அவர் நின்றதை 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மார்ச் மாதம் காங்கிரஸில் எழுதிவைத்த உரையை அவர் உறுதியாகவே படித்திருந்தார். படிப்பது வேறு, கேட்டதைப் பிடித்துப் பதிலைக் கோர்ப்பது வேறு. எந்த ஒத்திகையாலும் அதை மூட முடியவில்லை. ஜூலை 21 அன்று போட்டியில் இருந்து விலகினார். ஆகவே விவாதம் ஒரு குறைந்தபட்ச அளவுகோலாகப் பயன்படும். எல்லைக்குக் கீழே யார் இருக்கிறார் என்று சொல்லும்; எல்லைக்கு மேலே யார் சிறந்தவர் என்று சொல்லாது.

இரண்டாவது, பிழையைத் திருத்தும் வேகம். 1976 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் அதிபர் ஃபோர்டு. அங்கே சோவியத் படை நிற்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஐரோப்பிய எல்லைகளை ஏற்ற ஹெல்சிங்கி உடன்பாட்டால் சோவியத் ஆதிக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் பழகியிருந்தார். பழகிய பதில் மேடையில் கோணலாக வெளிவந்துவிட்டது. ஒத்திகையில் அடிக்கடி நேர்கிற விபத்து இது. வாக்கியத்தை மனப்பாடம் செய்து, அதன் காரணத்தைக் கைவிட்டால் இப்படித்தான் ஆகும். கேள்வி கேட்ட மேக்ஸ் ஃபிராங்கல் திருத்திக்கொள்ள அங்கேயே வாய்ப்புக் கொடுத்தார். ஃபோர்டு போலந்தையும் ருமேனியாவையும் யூகோஸ்லாவியாவையும் சேர்த்துச் சொல்லி அதையே உறுதிசெய்தார். அதன்பிறகும் தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்ளப் பல நாட்கள் ஆயின. வாய் தவறியதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். அந்தப் பல நாட்களைத்தான் எடுப்பேன்.

நான் முதலில் சொன்ன அந்த வேறோர் அறை, ஆட்சிமாற்றக் குழுவின் அலுவலகம். அமெரிக்காவில் புதிய அதிபர் நிரப்ப வேண்டிய அரசியல் நியமனங்கள் ஏறக்குறைய 4,000. அவற்றில் 1,200க்கு மேற்பட்டவற்றுக்கு செனட் ஒப்புதல் வேண்டும். தேர்தலுக்கும் ஜனவரி 20க்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மாதம்தான். ஆகவே வேட்பாளர் தேர்தலுக்கு வெகு முன்பே இந்த வேலையைத் தொடங்கியாக வேண்டும். 2010இல் வந்த சட்டம் கட்சி மாநாடுகள் முடிந்ததுமே வேட்பாளர்களின் குழுக்களுக்கு அரசு அலுவலக இடமும் வசதியும் கொடுக்க வழிசெய்தது. அதை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் ராம்னி. யூட்டாவின் முன்னாள் ஆளுநர் மைக் லெவிட் தலைமையில் துறைவாரியாகத் திட்டம் எழுதும் பெரிய குழு வாஷிங்டனில் வேலை பார்த்தது. டென்வர் விவாதத்தைப் பற்றி உலகமே பேசிய அதே வாரங்களில்தான் இதுவும் நடந்தது. தோற்றுப்போனதால் அந்த உழைப்பு பயன்படவில்லை. ஆனால் ராம்னி ஆட்சிக்குத் தயாராக இருந்தாரா என்று கேட்டால், நான் டென்வரைக் காட்ட மாட்டேன், லெவிட்டின் கோப்புகளைத்தான் காட்டுவேன்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2000இல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைத் தகராறு 36 நாள் நீடித்ததால் புஷ்ஷின் ஆட்சிமாற்றக் காலம் பாதியாகக் குறைந்தது. முக்கியப் பொறுப்புகளுக்கு ஆட்களை அமர்த்துவது தாமதமானது என்பதைச் செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் குறிப்பிட்டது. 2016இல் டிரம்புக்காக மாதக்கணக்கில் கோப்பு திரட்டிய நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கோப்புகளும் ஒதுக்கப்பட்டன. 2024இல், ஆட்சிமாற்றக் குழுக்களுக்கு இடமும் வசதியும் கொடுக்கும் அரசின் பொதுச் சேவை நிர்வாகத்தோடு செப்டம்பர் 1க்குள்ளும் வெள்ளை மாளிகையோடு அக்டோபர் 1க்குள்ளும் போட வேண்டிய ஒப்பந்தங்களை ஹாரிஸ் தரப்பு போட்டது. டிரம்ப் தரப்பு வெள்ளை மாளிகையோடு நவம்பர் 26 அன்றுதான் கையெழுத்திட்டது, பொதுச் சேவை நிர்வாகத்தோடு போடவே இல்லை. பிலடெல்ஃபியா விவாதத்துக்கு ஒன்பது நாள் முன்பே முதல் தேதி கடந்துபோயிருந்தது. அன்று யார் யாரை மடக்கினார் என்பதைவிட ஆட்சித் தயார்நிலை பற்றிய கனமான செய்தி அதுதான். தமிழில் அதைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது என்பது என் ஆதங்கம்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகுர், அஜித் ஷா, மூத்த பத்திரிகையாளர் என். ராம் ஆகிய மூவரும் நரேந்திர மோதியையும் ராகுல் காந்தியையும் பொதுவிவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் இசைந்தார், விவாதம் நடக்கவில்லை. இனியொரு நாள் நடக்கலாம், நடக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். நடந்தால் அமெரிக்காவில் செய்த பிழையை நாம் செய்யக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். அமெரிக்க விவாதம் நம் நேரப்படி காலை எட்டு மணி வாக்கில் முடிகிறது. மறுநாள் பதிப்பு அச்சுக்குப் போக இரவு வரை நேரம் இருக்கிறது. ஆகவே உடனடிக் கணிப்பை முதல் பக்கத்தில் போட்டு அவசரப்படத் தேவையில்லை. முழு உரைப்பிரதி சில மணிநேரத்தில் வெளிவந்துவிடும். அதிலிருந்து ஒரே கேள்விக்கு இருவரும் சொன்ன பதிலை அப்படியே தமிழில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று வாசகரே பார்த்துக்கொள்வார். சொன்ன எண்களில் நான்கைந்தையாவது சரிபார்த்துப் போடுங்கள். ஒத்திகையை நடத்தியவர் யார், எதிராளியாக நின்றவர் யார், அவர்கள் முன்பு என்ன பதவியில் இருந்தார்கள் என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். விவாதத்தில் பிழை சொன்னவர் அதை எத்தனை நாளில் திருத்தினார் என்று அடுத்த வாரம் ஒரு பின்செய்தி வரட்டும். இரண்டாவது விவாதம் இருந்தால் முதலாவதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7 அன்று வருகிறது. அந்த ஆண்டின் செப்டம்பர் 1, அக்டோபர் 1 ஆகிய இரண்டு தேதிகளையும் செய்திப் பிரிவு நாட்காட்டியில் இப்போதே குறித்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று எந்தக் குழு கையெழுத்திட்டது, எந்தக் குழு இடவில்லை, குழுவின் தலைவர் யார் என்ற மூன்று தகவலும் வெளிப்படையாகக் கிடைப்பவை. அவை நாலு வரியில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி